முதல் மண்ணை எடுத்துக் கொடுத்தவனுக்கு

மச்சான்,

கடைக்குள் வருகிறவர்கள் எல்லாம் மூக்கைப் பிடிக்கிறார்கள். சிமெண்ட் எடுக்க வந்த மேஸ்திரி, "என்னா மொதலாளி, குடோன்ல எலி கிலி செத்து கெடக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எலி இல்லை, உன் வீட்டு நெல். வெள்ளத்தில் நனைந்துபோன குறுவை மூட்டைகளை டிராக்டரில் ஏற்றி வந்து, திருப்பாதிரிப்புலியூர் குடோன் தரையில் கொட்டிப் பரப்பியிருக்கிறேன். கலாவைக் கேட்கவில்லை. அவள் கொல்லைப்பக்கம் இருந்தபோது தூக்கி வந்துவிட்டேன். உன் பெண்டாட்டி ஆவதற்கு முன்பே அவள் என் தங்கச்சி, அந்த உரிமையில் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். பாதி நெல் முளைத்துவிட்டது. புளித்த மாவும் ஈரச் சாக்கும் கலந்த அந்த வாடை, மின்விசிறி போட்டாலும் போகவில்லை, ஊதுபத்தி கொளுத்தினாலும் போகவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் கையில் இருக்கிறது.

இன்று காலை துறைமுகத்தில் மறுபடியும் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். செத்துப்போனவனுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். உனக்குத் திதி கொடுக்கும்போதுகூட ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேனே தவிர, உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேச வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் ஜல்லி என்ன விலை, மணல் எங்கே கிடைக்கும், யாருக்கு எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்று எனக்கு எல்லாம் தெரியும். இன்றைக்கு எனக்கு வேண்டியது மட்டும் தெரியவில்லை. அது தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

பழைய டிராக்டர் ஒன்றை இரண்டு பேரும் பங்கில் வாங்கி நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய காலம் ஞாபகம் இருக்கிறதா? ஆலை வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். நம் முறை வருவதற்குள் ஒரு பகல் முழுதாகப் போய்விடும். நான் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பேன். முன்னால் நிற்கிற மாட்டு வண்டிக்காரனிடம் பேசி இடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்ப்பேன். நீ கரும்புக் கட்டின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, உங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் கேட்டதையெல்லாம் சொல்வாய். பிரசங்கக்காரர் குரலிலேயே சொல்வாய். பக்கத்து வண்டிக்காரர்கள்கூடப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

ஒருநாள் நான் எரிச்சலில் கேட்டேன்: "பலன எதிர்பாக்காம வேலய செய்யணும்னா, கரும்ப எறக்கிட்டு காசு வாங்காம போயிடலாமா? யோவ், அந்தத் தேரோட்டி ஒரு நாள் கூட யாவாரம் பண்ணதில்ல."

நீ எழுந்துகூட உட்காரவில்லை. "காசு வாங்காதன்னு அவரு எங்கய்யா சொன்னாரு? காசு வந்தா தான் வண்டிய எடுப்பேன்னு நிக்காத, அவ்ளோ தான். அவரும் டிரைவரு வேல தான பாத்தாரு? ஜெயிச்சா ராஜ்யம் அவருக்கா வரப்போவுது? பின்னாடி ஒருத்தன் வில்ல கீழ போட்டுட்டு ஒக்காந்து அழுவுறான். இவரு கடிவாளத்த விட்டாரா பாத்தியா?"

"அவன் எதுக்கு அழுவுறான்?"

"எதுத்தாப்புல நிக்கறவன்லாம் சொந்தக்காரன் மச்சான். தாத்தா, மாமன், மச்சான். எவன் மேல அம்பு வுட்டாலும் அவன் ஊட்டு ஆளு."

"நமக்கு அந்தத் தொல்ல இல்ல. நாம சொந்தக்காரன் கூட சண்ட போட்டா பாகப்பிரிவின வரைக்கும் தான்."

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்போது உனக்கும் கலாவுக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. எனக்கு எதிரில் நிற்கும் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. அந்தப் பேச்சை நான் அங்கேயே, கரும்புச் சக்கையோடு சக்கையாக விட்டுவிட்டு வந்தேன்.

பிறகு நீ என் தங்கச்சியைக் கட்டினாய், டிராக்டர் பங்கை எனக்கே விட்டுவிட்டு சிதம்பரம் பக்கம் உன் நிலத்துக்குத் திரும்பினாய். நான் செங்கல், ஜல்லி என்று தொடங்கி, சிமெண்ட், கம்பி, கடைசியில் ஒரு பொக்லைன் இயந்திரம் வரைக்கும் வந்தேன். ஒவ்வொரு தடவை உன் வீட்டுக்கு வரும்போதும் உங்கள் ஊர் ரோட்டைத் தாண்டித்தான் வருவேன். அந்த ரோடு என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்று நினைத்ததே இல்லை.

உன் ஊரை உனக்கே விளக்குவது வேடிக்கைதான். ஆனாலும் எனக்குத் தெளிவாக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ரோட்டுக்கு மேற்கே காலனி, கிழக்கே உங்கள் தெருவும் வயல்களும், அதற்கப்பால் உப்பங்கழி, கடல். புது ரோடு போடும் ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டு, அது ரோடாக இல்லாமல் கரையாகவே ஆகிவிட்டது. அடியில் இருக்கிற மதகு, பெரிய மழைக்குப் போதாது. மேற்கிலிருந்து இறங்குகிற தண்ணீர் ரோட்டில் முட்டிக் காலனிக்குள் ஏறும். ரோட்டை வெட்டிவிட்டால் காலனி பிழைக்கும், உங்கள் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் வரும், பயிர் போகும். அதனால் மழை வலுத்தால் உங்கள் தெரு ஆம்பளைகள் குடையும் மண்வெட்டியுமாக ரோட்டில் காவலுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு நடுவிலும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சேர்ந்து வைத்த ஓர் ஏற்பாடு உண்டு. மூழ்கப்போகிற பக்கத்து ஆள் ஒருத்தர் இறங்கி, தன் கையால் முதல் மண்ணை வெட்டிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் வெட்டலாம். எந்த அரசாங்கமும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனாலும் போன மாசம் வரைக்கும் மீறினவன் இல்லை.

முந்தைய பெருவெள்ளத்தில் அந்த மண்ணை எடுத்துக் கொடுத்தவன் நீ. காவலுக்கு என்று போன ஆள்தான் நீயும். காலனிப் பக்கம் பார்த்தாய், குடையை மடக்கிப் பங்காளி ராஜாராமன் கையில் கொடுத்தாய், இறங்கி வெட்டினாய். அவன் உன் சட்டையைப் பிடித்தான். "பொண்டாட்டிக்கு என்னாடா போடுவ? மண்ணயா?" என்று கத்தினான். உன் வயல்தான் மதகை ஒட்டி முதலில் இருந்தது. ஒரு கதிர் மிச்சமில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு சிதம்பரம் கீழவீதியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "எப்படி மச்சான் மனசு வந்துச்சு?" என்று கேட்டேன். நீ கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "என் வயலா இருந்துச்சு, சுலபமா போச்சு. அடுத்தவன் வயலா இருந்து, நான் வெட்ற எடத்துல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல மச்சான். அது தான் கஷ்டம்."

நான் டீக்குக் காசு கொடுக்கிற மும்முரத்தில் இருந்தேன்.  இப்போது ஒவ்வொரு சொல்லும் திரும்பி வருகிறது.

போன மாசம் மழை விடாமல் அடித்தபோது காலனியிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. அங்கே பாதி வீடு என் செங்கல்லில் கட்டினது. பஞ்சவர்ணம் என்று ஒரு பெண், சித்தாள் வேலை பார்க்கிறவள், "அண்ணா, படகு வருது வருதுன்றாங்க, வரல. எங்கள உட்றாதீங்க" என்றாள். பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம். அதோடு லைன் அறுந்துவிட்டது. நான் காதர் பாயை எழுப்பிப் பொக்லைனை எடுக்கச் சொன்னேன். அவர் என்னிடம் இயந்திரம் ஓட்டும் ஆள். என் வயசுதான், என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவர்.

ரோட்டை ஒட்டிய காலனிப் பள்ளிக்கூடத்தின் ஜன்னல் வரைக்கும் தண்ணீர் நின்றது. மொட்டை மாடியில் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஜனங்கள். உள்ளே ஒரு வகுப்பறையில் பெஞ்சின் மேல் பெஞ்சு அடுக்கி, அதன் மேல் நடக்க முடியாத ஒரு கிழவரைப் படுக்க வைத்திருந்தார்கள். மாடிக்குத் தூக்கிப்போக வழியில்லை, படிக்கட்டு வெளியே இருக்கிறது, தண்ணீர் இழுக்கிறது. பஞ்சவர்ணம் கழுத்தளவு தண்ணீரில் நின்று அந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ரோட்டிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

கிழக்கே பார்த்தால் உன் வீடு. நீ கட்டின ஓட்டு வீடு, தொழுவம், நீ கடைசியாகப் பிடித்துவந்த கறவை மாடு. பால் பிடிக்கிற நேரத்தில் சம்பா.

காவலுக்கு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தரும் மண்ணை எடுத்துக் கொடுக்கத் தயாராக இல்லை. நான் உன் வீட்டுக்கு ஓடினேன். கலா பாத்திரங்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "வந்து முதல் மண்ண எடுத்துக் குடும்மா. மச்சான் குடுத்த மாதிரி" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அவரு குடுத்தது அவரு மண்ணு. வெட்டுனவன் வேற எவனோ. இப்ப வெட்டப்போறது என் அண்ணன். வெட்றதுன்னா வெட்டு. அதுக்கு என் கைய கேக்காத."

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ரோட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. எனக்கு அவள் மண் தேவைப்படவில்லை. நாளைக்கு ஒருத்தரும் என்னைக் கேட்காதபடி, 'நீதானே குடுத்த' என்று சொல்லிக்கொள்ள அவள் கை தேவைப்பட்டது. பில்லில் கையெழுத்து வாங்கிப் பழகின புத்தி.

ராஜாராமன் பொக்லைன் முன்னால் நின்றான். "அவனுங்களுக்காக சொந்தத் தங்கச்சி ஊட்ட முழுகடிக்கிறியே, நீயெல்லாம் மனுசனாடா?" என்றான். அவனை நான்தான் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.   காதர் பாய் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். தார் பெயர்ந்தது. நம் ஊர்ப் பேச்சில் சொல்வதானால், ஏற்பாட்டை மீறின முதல் ஆள் நான்.

அன்று சாயந்திரமே மழை விட்டுவிட்டது, மச்சான்.

இதுதான் என்னைத் தின்கிறது. முகத்துவாரம் திறந்து தண்ணீர் கடலுக்கு இழுத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். "கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா தானா வடிஞ்சிருக்கும்" என்கிறது உங்கள் தெரு. "கொஞ்ச நேரத்துல பெஞ்சு சாஞ்சிருக்கும்" என்கிறது காலனி. இரண்டும் உண்மையாக இருக்கலாம். யாருக்கும் தெரியாது, இனிமேல் தெரியவும் போவதில்லை. தொழுவத்துச் சுவர் ஊறிச் சரிந்து மாட்டின் மேல் விழுந்தது. கலா கயிற்றை அவிழ்க்கப் போன நேரம். நல்லவேளையாக அவள் வெளியே இருந்தாள். மாடு பிழைக்கவில்லை. நான் போனபோது அவள் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

பலன் உன் கையில் இல்லை என்று நீ சொல்லும்போதெல்லாம், அது தோற்றுப்போனவனைத் தேற்றுகிற பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். வெட்டியது சரி என்று காட்டுகிற பலன்கூட நம் கையில் இல்லை என்று நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை? ஒருவேளை சொல்லியிருப்பாய். நான் வண்டி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பிறகு வியாபாரி செய்கிறதைச் செய்தேன். ஒரு லாரி நிறைய முதல் தரச் செங்கல் ஏற்றி உன் வீட்டு வாசலில் இறக்கச் சொன்னேன். தொழுவத்தைக் கட்டட்டும், சமையல்கட்டுச் சுவரையும் மாற்றட்டும் என்று. கலா லாரியை வாசலிலேயே மறித்துவிட்டாள். எனக்குப் போன் போட்டாள். "நீ செஞ்சது சரின்னா எதுக்கு கல்லு? தப்புன்னா, இது பத்துமா?" என்றாள். வைத்துவிட்டாள். டிரைவர் திரும்பி வந்து, "எங்க அண்ணே எறக்கறது?" என்று கேட்டபோது கடைப் பின்புறத்தைக் கையால் காட்டினேன். கல் அங்கேயே கிடக்கிறது. அதை விற்கவும் மனசு வரவில்லை.

அதே வாரத்தில் காலனிக்காரர்கள் மாலையும் பொன்னாடையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். அந்தக் கிழவரையும் ஆட்டோவில் தூக்கி வந்திருந்தார்கள். நான் குடோன் வழியாகப் பின்பக்கம் போய்விட்டேன். பஞ்சவர்ணம் விடவில்லை, அங்கேயே வந்துவிட்டாள். "எங்க தொட்ட மால வேணாமாண்ணா?" என்று கேட்டாள். சிரித்தாள், ஆனால் சிரிப்பாகக் கேட்கவில்லை. எப்படிச் சொல்வேன் அவளிடம்? ஒரு தங்கச்சியின் வாசலில் கல்லைத் திருப்பி அனுப்பிய கை இன்னும் ஓங்கியபடி நிற்க, இன்னொருத்தி மாலையை எப்படிக் கழுத்தில் போட்டுக்கொள்வது? வெளியே வந்து தலையைக் குனிந்தேன். போட்டார்கள். அந்தக் கிழவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கை சூடாக இருந்தது. அந்த நேரத்திலும், 'இவர் உயிரோடு இருக்கிறாரே, இது பலன்தானே, இதை எடுத்துக்கொள்ளலாமே' என்று புத்தி ஓடியது. எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் குறுக்கே வந்துவிட்டாள்.

மாலைக்கு ஆசைப்படாமல் இருப்பது எனக்குப் பெரிய சிரமமாக இல்லை, மச்சான். மன்னிப்பைக் கேட்காமல் இருப்பதுதான் முடியவில்லை. தினமும் காலையில் எழுந்தவுடன் போனைப் பார்க்கிறேன், கலா கூப்பிட்டிருக்கிறாளா என்று. கடையில் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறேன். அப்புறம்தான் ஒருநாள் புரிந்தது. இதுவும் பலன்தான். நான் ஒரு காரியம் செய்துவிட்டு, கூலியாக அவள் 'பரவாயில்லண்ணா' என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். கரும்பை இறக்கிவிட்டு எடைச் சீட்டுக்காக நிற்கிற மாதிரி. இதை விட முடிந்தால்தான் நீ சொன்னது. விட முடியவில்லை. எந்தப் பக்கம் விடுவது என்றே தெரியவில்லை.

இதுவரை நேற்று முன்தினமே எழுதியிருந்தால் இங்கேயே நிறுத்தியிருப்பேன். இன்று கூண்டு ஏறிவிட்டது.

காலை கடை திறந்ததும் ராஜாராமன் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இந்தத் தடவயும் வெட்டுவியா?" என்றான்.

"தெரியல."

"தெரியலயா? போன தடவ தெரிஞ்சிதே. உனக்கென்ன, கடலூர்ல மாடி வீடு. மேட்டுல நின்னுகிட்டு கைய நீட்டுவ. தண்ணியில நிக்கப்போறது நாங்க."

திட்ட வந்தவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை, உன் வாயிலிருந்து வந்த மாதிரி இருந்தது. நான் மேட்டில்தான் நின்றேன். தேரில் நின்றவன் போர்க்களத்துக்கு நடுவில் நின்றான். நான் கரையில் நின்று கையை நீட்டினேன்.

அவன் போன சற்று நேரத்தில் கலா போன் செய்தாள். செங்கல் லாரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. "என் நெல்லு எங்க?" என்றாள்.

"காயுது. புயல் வருதும்மா, இங்கயே இருக்கட்டும். நீயும் கெளம்பி கடலூர் வந்துடு."

"என் நெல்லு என் ஊட்ல இருக்கணும். நீ வெச்சிகிட்டு நல்ல பேரு வாங்காத." வைத்துவிட்டாள்.

அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். முடிவு என்று சொன்னால் தைரியம் மாதிரி கேட்கும். பயத்தில் எடுத்ததுதான். தேறின நெல்லைச் சாக்கில் கட்டினேன். காதர் பாயைக் கூப்பிட்டு, பொக்லைனை மதகடியில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

"பாய், பள்ளிக்கூடத்து வாசல்ல மேல்படி முழுகுற வரைக்கும் தொடாதீங்க. முழுகிடுச்சுன்னா யாரயும் கேக்காம வெட்டுங்க. என்னயும் கேக்காதீங்க."

"நீங்க பக்கத்துல தான இருப்பீங்க மொதலாளி?"

"நான் தங்கச்சி ஊட்ல இருப்பேன். கெழக்கால."

அவர் சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ள நீங்க இருக்கும்போது நான் எப்டி வெட்றது?"

"நான் போன் பண்ணி நிறுத்தச் சொல்லுவேன் பாய். கண்டிப்பா சொல்லுவேன். அப்பவும் நிறுத்தாதீங்க."

"சம்பளம் குடுக்குறவரு பேச்ச கேக்காதன்னு சம்பளம் குடுக்குறவரே சொல்றாரு. இது எந்த ஊரு யாவாரம்?" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு இயந்திரத்தில் ஏறினார். நான் தலையை ஆட்டினதைப் போன தடவை தனியாகச் சுமந்தேன் என்று நினைத்திருந்தேன். நெம்புகோலை அழுத்தின அவரும் சுமந்திருக்கிறார். ஒருநாள்கூடக் கேட்டதில்லை நான்.

உங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஆடு மாடுகளைத் திரௌபதி அம்மன் கோயில் மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள், மண்சுவர் ஓரம் யாரும் படுக்காதீர்கள், வெட்டினாலும் வெட்டலாம் என்று. கதவைச் சாத்தினவர்கள் உண்டு. ஒரு கிழவி காறித் துப்பினாள். ராஜாராமன் மாடுகளை ஓட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போனான்.

கடையில் தொடங்கின இந்தக் கடிதத்தை இப்போது உன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானமே இருட்டிவிட்டது. காற்று ஓட்டைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. நான் மூட்டைகளோடு உள்ளே வந்தபோது கலா, "எறக்கிட்டு கெளம்பு. ரோட்டுல உனக்கு வேல இருக்கும்" என்றாள்.

"இல்ல. சாவிய பாய் கிட்ட குடுத்துட்டேன். நான் இங்க தான் இருக்கப்போறேன்."

அவள் ஒரு மூட்டையை அவிழ்த்தாள். சாக்கில் கையைவிட்டு நெல்லை அள்ளி மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு, "இருந்தா சும்மா ஒக்காராத. மூட்டைய பரண்ல ஏத்தணும்" என்றாள். அதில் மன்னிப்பு இருந்ததா என்று தேடினேன். உடனே என் புத்தியை நானே வைதுகொண்டேன்.

தொழுவம் இருந்த இடத்தில் கயிறு கட்டின முளைக்குச்சி மட்டும் நிற்கிறது. உன் படத்துக்கு அவள் இன்று பூ வைக்கவில்லை. மழையில் பூக்காரி வரவில்லையாம்.

ஒருமுறை போனை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் எந்தப் படி வரைக்கும் ஏறியிருக்கிறது என்று கேட்கத்தான் எடுத்தேன் என்று சத்தியமாகச் சொல்வேன். ஆனால் பாயின் பெயர் திரையில் வந்தவுடன் என் வாயில் வந்து நின்ற வார்த்தை வேறு. நீ கட்டின சுவர், இவள், இந்தப் பரண், மறுபடியும் சேறு. மேற்கே பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் முகமும் தெரிகிறது. தெரிந்தும் விரல் நிறுத்தச் சொல்லவே போகிறது. நீ இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கப் போவதில்லை. உனக்கும் தெரியாது என்று அன்றைக்கே டீக்கடையில் சொல்லிவிட்டாய். அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான் உன்னிடமிருந்து எடுத்துவைத்திருக்கிறேன். அடுத்தவன் வயல், வெட்டுகிற இடத்தில் நான், அது கஷ்டம். தெரியாது என்று நீ சொன்னதுதான் இன்றைக்கு எனக்குத் துணை.

கலா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "பாய் கிட்ட நிறுத்தச் சொல்லலாம்னு பாக்கறியா?" என்றாள்.

நான் போனை மடியில் கவிழ்த்தேன்.

"குடு இங்க." கையிலிருந்து பிடுங்கினாள். பரண் மேலே ஏறி, போனை அரிசிப் பானைக்குள் போட்டு, தட்டை வைத்து மூடினாள். இறங்கி வந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது ரோட்டுப் பக்கமிருந்து பொக்லைன் இன்ஜின் சத்தம் கேட்கிறது, மச்சான். காற்றில் வந்து வந்து போகிறது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. பை காலியாக இருக்கிறது. கலாவுக்கும் கேட்டிருக்கும். அவள் கடைசி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். 

"எழுதனது போதும். அந்தப் பக்கம் புடி" என்கிறாள்.